இன்னைக்கு ஒண்ணும் ஆகல

வீட்டில் அவளைக் கீச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் பயந்துவிட்டால் அவள் குரல் மேலே ஏறிக் கீச்சுக்கீச்சென்று வரும். அண்ணன் வைத்த பேர். வளர வளரக் குரல் இறங்கி, கனத்து, கேட்டவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. பேர் மட்டும் அப்படியே நின்றது.

நாலு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தாள். காதில் ஹெட்போன், எதிரே திரையில் பேச வேண்டிய வாக்கியங்கள், முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கும் சூப்பர்வைசர். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை நிமிஷம் எழுந்து போகலாம் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும். அவள் அந்த வேலையைத் திட்டாத நாள் கிடையாது.

புத்தகங்களை ஒலிவடிவில் வெளியிடும் நிறுவனம் ஒன்று புதிய குரல்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, மூன்று நிமிஷம் வாசித்து அனுப்பினாள். அனுப்பியதை மறந்தும் விட்டாள். ஒரு மாதம் கழித்துத் தயாரிப்பாளர் கூப்பிட்டார். கண்டிப்பான குரல்.

"உங்க குரல் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒரு நாவல் இருக்கு. முப்பத்தாறு அத்தியாயம். ஆறு வாரத்துல முடிக்கணும். வீட்லயே பதிவு பண்ணலாம். முடியுமா?"

"முடியுங்க மேடம்" என்றாள். முடியுமா என்று யோசிக்கவே இல்லை. அந்த வாரமே வேலையை விட்டாள்.

அவளும் அக்காவும் இரண்டு அறை வாடகை வீடு ஒன்றில் இருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் ஷிப்ட் என்றால் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். அக்காவின் அறையில் ஆளுயர மர அலமாரி ஒன்று இருந்தது. கீச்சு அதிலிருந்த தட்டுகளைக் கழற்றினாள். உள்பக்கம் முழுக்கப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். ஒரு முக்காலி போட்டு, மைக்கை நிறுத்தி, லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டால் அதுதான் ஸ்டுடியோ.

"என் புடவையெல்லாம் எங்கடி?" என்று அக்கா கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில."

"நாவல் முடியற வரைக்கும் நான் கசங்கின புடவையிலயே போகணுமா?"

"ஆறு வாரம்தான்க்கா."

முதல் திங்கட்கிழமை ஏழு மணிக்கு அக்கா போனதும் கீச்சு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். தண்ணீர் குடித்தாள். ஃபிரிட்ஜ் உறுமுகிறதே என்று அதன் வயரைப் பிடுங்கினாள். ஜன்னலில் புறா வந்து உட்காருகிறதே என்று அதை விரட்டினாள். அறையைப் பெருக்கினாள். அறை சுத்தமாக இருந்தால் மனசும் சரியாகும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு சமையலறையையும் கழுவிவிட்டாள். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாலு வருஷம் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்துகொண்டே இருந்தார். இப்போது திரும்பிப் பார்த்தால் வெறும் சுவர். எப்போது ஆரம்பிக்க வேண்டும், எப்போது போதும், வாசித்தது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை. மூன்று நிமிஷ மாதிரியைக் கேட்டு ஏமாந்துவிட்டார்கள், இவ்வளவு பெரிய நாவலைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

முதல் அத்தியாயத்தை அந்த வாரம் பதினோரு தடவை பதிவு செய்தாள். ஒன்றில் மூச்சு இரைத்தது. ஒன்றில் வயிறு இரைந்தது மைக்கில் இடி மாதிரி விழுந்தது. மற்றவற்றில் என்ன தப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம் தயாரிப்பாளர் விசாரித்தார். "எவ்வளவு ஆச்சு?"

இரண்டு அத்தியாயம் ஆகியிருந்தது. "ஏழு முடிஞ்சதுங்க மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

மூன்றாம் வாரம் அதே கேள்வி. உண்மையில் ஐந்து. அவள் சொன்னது பதினாலு.

அந்தப் பதினாலு வேறொருவரைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒலியைச் சுத்தம் செய்து, இருமலும் இரைச்சலும் நீக்கி, அத்தியாயங்களைக் கோர்க்கிற எடிட்டர். அவளும் அவரும் நேரில் பார்த்ததில்லை. அவசரமாகப் பேசுகிற, பொறுமையில்லாத ஆள்.

"பதினாலு முடிஞ்சிருச்சாமே? முடிஞ்சதை அனுப்புங்க, நான் வேலையை ஆரம்பிக்கறேன்."

"இல்லீங்க, எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து அனுப்பிடறேன்."

"ஏன் ஒண்ணா? எனக்கு அது கஷ்டம்ங்க."

"கொஞ்சம் திருத்தம் இருக்குங்க."

போனை வைத்தாள். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யே இல்லை என்று கணக்குப் போட்டாள். அடுத்த நாலு நாள் வெறி பிடித்த மாதிரி வாசித்தாள். மின்விசிறி போட்டால் சத்தம் என்று அதையும் நிறுத்திவிட்டு, போர்வைகளுக்கு நடுவே வேர்த்து விறுவிறுத்து, ஒன்பது அத்தியாயம். குரல் கரகரவென்று ஆகிவிட்டது. நாலாம் நாள் மத்தியானம் பதினாலாம் அத்தியாயத்தின் கடைசி வரியை முடித்தபோது கால் தரையில் பாவவில்லை. பொய் உண்மையாகிவிட்டது. அடுத்ததைத் தொடங்கினாள்.

பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது, இடம் இல்லை, இனிமேல் பதிவு ஆகாது என்று லேப்டாப் சொன்னது. அவள் அலமாரியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. முழங்காலில் வைத்தபடியே 'பழசு' என்று இருந்த ஃபோல்டரை அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். இடம் கிடைத்தது.

இரண்டு பக்கம் வாசித்த பிறகுதான் ஏதோ உறைத்தது. 'புதுசு' என்ற ஃபோல்டரைத் திறந்து ஒன்றைப் போட்டுக் கேட்டாள். இருமல். இன்னொன்று, பாதியில் நின்றுபோனது. மற்றொன்றில் பின்னணியில் லிஃப்ட் மணி. நன்றாக வந்தவற்றை எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தது 'பழசு'வில்தான். அலமாரியின் கதவைத் திறக்கக்கூடத் தோன்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். தப்பிப் பிழைத்தவை வேறெங்கோ கிடந்த மூன்று அத்தியாயங்கள்.

அப்போதே போனை எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அவளுக்கு அது முடியவில்லை. இல்லாத பதினாலை இருக்கிறது என்று சொன்னவள், இருந்த பதினாலு போய்விட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எடிட்டரின் பெயர் திரையில் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. மூன்றாவது முறை அணைந்ததும் தயாரிப்பாளருக்கு ஒரு செய்தி தட்டினாள்.

"அக்காவுக்கு விபத்து. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சில நாள் அவகாசம் வேண்டும்."

அனுப்பிவிட்டுப் போனை அணைத்தாள். படுக்கை விரிப்புகள் வைக்கும் இழுப்பறையில், எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள். செருகிய பிறகும் அது அங்கே இருந்து அவளையே பார்ப்பது போல இருந்தது.

நாலு நாள். அக்கா வேலைக்குப் போகும்போது கீச்சு அலமாரிக்கு முன்னால் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பாள். "நல்லா போகுதா?" என்று அக்கா கேட்டால் தலையை ஆட்டுவாள். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் மூச்சை அடக்குவாள். ஒருநாள் தெருவுக்கு இறங்கி, பழைய ஆபீஸ் வரை நடந்து, எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றாள். மதிய இடைவேளைக்குக் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவளோடு உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி இவளைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள். கீச்சு ஏதோ அவசரம் போலத் திரும்பி வேகமாக நடந்தாள். அங்கே போய் என்ன கேட்க நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அக்காவுக்கு விடுமுறை. துணி துவைத்துக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டத்தில் கீச்சு அக்காவின் நம்பரை எழுதியிருந்தாள். அது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. தயாரிப்பாளர் அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டிருந்தார்.

"ஆமா, அவ என் தங்கச்சிதான்" என்றாள் அக்கா. "யாரு? அக்காவா? நான்தான் அக்கா... எப்படி இருக்கேனா? நல்லாத்தான் இருக்கேன், ஏன்?"

கீச்சு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் இருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று போனைக் கையால் மூடிக்கொண்டாள். "ஏய், எனக்கு விபத்தா?"

கீச்சு வாயைத் திறந்தாள். கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது.

அக்கா போனைக் காதில் வைத்தாள். "அவ உங்களைக் கூப்பிடுவா. இன்னைக்கே கூப்பிடுவா" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு மிச்சத் துணிகளைக் கொடியில் போட்டு முடித்தாள்.

"தினமும் எத்தனை பேரை ஸ்ட்ரெச்சர்ல தள்றேன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் கடைசியில். "விபத்துன்னா என்னன்னு தெரியுமா? உன் வாய்க்கு வேற எதுவும் கிடைக்கலயா? தொண்டைவலின்னு சொல்லக்கூடாதா?"

"தப்புதான்க்கா."

"என்னடி ஆச்சு? அதைச் சொல்லு முதல்ல."

சொன்னாள். பதினோரு தடவை, ஏழு, பதினாலு, பழசு, புதுசு, எல்லாம். அக்கா கேட்டு முடித்துவிட்டு இழுப்பறையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் வைத்தாள். "எனக்கு உன் நாவல் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் உசிரோட இருக்கேன்னு நீயே சொல்லு."

தயாரிப்பாளரின் நம்பரை அழுத்துவதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தாள். மறுமுனையில் எடுத்ததும் பெயரைச் சொன்னாள்.

"பொய் சொன்னேங்க மேடம். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. பதினாலு அத்தியாயம்னு சொன்னதும் அப்போ பொய். அப்புறம் நிஜமாவே பதினாலு முடிச்சேன். அது அழிஞ்சு போச்சு. இப்ப மூணுதான் இருக்கு."

"இதுல எதை நான் நம்பணும்?"

"மூணை அனுப்பறேன். அதை நம்புங்க."

காகிதம் புரளும் ஓசை வந்தது. "வேற குரலுக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சிட்டேன்" என்றார் தயாரிப்பாளர். "அவங்க வர பத்து நாள் ஆகும். அதுக்குள்ள, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள, முதல் பத்து அத்தியாயம் என் கையில இருந்தா பேசலாம். இல்லேன்னா புத்தகம் அவங்களுக்கு. இன்னொண்ணு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எடிட்டர் கூப்பிடுவார். அன்னைக்கு என்ன ஆச்சோ அதைச் சொல்லணும். ஒண்ணும் ஆகலேன்னா ஒண்ணும் ஆகலன்னு சொல்லணும். எடுக்காம விட்டீங்கன்னா அன்னைக்கோட முடிஞ்சுது."

பத்து அத்தியாயத்தை விட அவளைப் பயமுறுத்தியது அந்த நாலு மணி.

மறுநாள் காலை ஒன்பதுக்கு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். முதல் வரியை வாசித்தாள். சுவர் அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் குளியலறையை இடிக்கிறார்கள். டொம், டொம் என்று சம்மட்டி. நிறுத்துவார்கள் என்று காத்திருந்தாள். கொஞ்சம் நிற்கும், இவள் தொண்டையைச் செருமுவாள், மறுபடி டொம். பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு. மூன்றரை மணிக்குப் பதிவில் இருந்தது ஒன்றரைப் பக்கம். இரண்டு முடிந்தது என்று சொல்லிவிட்டு நாளைக்குச் சேர்த்துப் படித்துவிடலாமா? அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கண்டு அவளே மிரண்டுபோனாள்.

நாலு மணிக்கு அடித்தது.

"சொல்லுங்க" என்றார் எடிட்டர்.

"இன்னைக்கு..." என்றாள். "இன்னைக்கு ஒண்ணும் ஆகல."

வெடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. ஏன்?"

"பக்கத்து வீட்ல சுவர் இடிக்கறாங்க."

"எப்போ நிறுத்துவாங்க?"

"தெரியலங்க."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஏழு மணிநேரம் காத்திருந்தவளுக்குப் பத்தடி நடந்து போய்க் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

"கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பதும் சாமானியமாக இல்லை. தூசியும் தும்புமாக மேஸ்திரி வெளியே வந்தார். தலையிலிருந்து புருவம் வரை வெள்ளை.

"என்னம்மா, சத்தமா இருக்கா? வேலைன்னா சத்தம் வரத்தான் செய்யும்."

"நிறுத்தச் சொல்லலங்க. எப்ப ஆரம்பிப்பீங்க, எப்ப முடிப்பீங்கன்னு கேட்கத்தான் வந்தேன்."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "காலைல ஒம்பதுக்கு வருவோம். ஒண்ணுலேர்ந்து ரெண்டு சாப்பாடு. இன்னும் எட்டு நாள் இடிப்பு இருக்கு. அப்புறம் பூச்சு வேலை, அதுல சத்தம் இருக்காது."

ஆக, ஒன்பதுக்கு முன்னால். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தாள். அக்கா பக்கத்து அறையில் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டே, "கதவைச் சாத்திக்கோ, நான் பாத்திரம் தேய்க்க மாட்டேன்" என்றாள். ஐந்தே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை வாசித்தாள். பயம் அலமாரிக்குள் அவளோடுதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் ஒன்பதுக்குச் சம்மட்டி விழுந்துவிடும், அதற்குள் எழுந்திருக்க முடியாது. இது நன்றாக இருக்கிறதா என்று யோசிக்க நேரமில்லை. தப்பு வந்தால் கையைத் தட்டிவிட்டு அந்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போனாள். தட்டின இடம் திரையில் உயரமான கோடாகத் தெரியும், எடிட்டர் சுலபமாக வெட்டிவிடலாம். நாலு மணிக்கு, "ஒண்ணு முடிஞ்சுது, அடுத்ததுல பாதி" என்றாள்.

"பேர் என்ன வச்சிருக்கீங்க ஃபைலுக்கு?"

"'புதுசு மூணு'ங்க."

"ஐயையோ" என்றார் எடிட்டர். முதல் தடவையாக மனிதர் மாதிரி ஒலித்தார். "அத்தியாய நம்பர், தேதி. அவ்வளவுதான். புதுசு எல்லாம் நாளைக்குப் பழசாயிடும்."

அன்று சாயங்காலம் பென் டிரைவ் ஒன்று வாங்கி வந்தாள். எந்த ஃபைல் முடிந்தாலும் உடனே ஒரு பிரதி அதில். லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஒன்றாக ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் அதை அக்காவின் கைப்பையில் போட்டாள். தினமும் நாவல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தது.

"எனக்கு விபத்துன்னே, இப்ப உன் புத்தகத்தையே வார்டுக்கு அனுப்பறியா?" என்றாள் அக்கா. ஒரு வாரத்தில் அவள் சிரித்துப் பேசியது அப்போதுதான். கீச்சுவுக்கு அழுகை வந்துவிட்டது.

பயம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நாள் எடிட்டர் ஒன்று சொன்னார், அது அவளைத் தூக்கிவாரிப்போட்டது.

"முதல்ல அனுப்பின மூணுல ஏழாவது அத்தியாயம் கேட்டேன். நீங்க பயந்துகிட்டே வாசிக்கறீங்க."

"நானா?"

"கல்யாண விருந்து நடக்கற அத்தியாயம் அது. யாரும் பயப்படல. நீங்க மட்டும் பயப்படறீங்க. வாக்கிய முடிவுல மூச்சைப் பிடிச்சு வச்சுக்கறீங்க, யாரோ அடிக்க வர்ற மாதிரி."

எதை மறைத்தாலும் இதை மறைக்க முடியாது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் யாருக்குத் தெரியக்கூடாது என்று உயிரை விட்டாளோ, அது ஏற்கனவே ஒலியாகப் பதிவாகி ஒரு முன்பின் தெரியாத மனிதரின் காதில் போய் விழுந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. அதோடு, விசித்திரமாக, தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது. தெரிந்துவிட்டது, வானம் இடிந்து விழவில்லை, ஏழாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசி என்றுதான் சொல்கிறார்கள்.

திரும்ப வாசித்தாள். வாசிப்பதற்கு முன் பத்து நிமிஷம் வீட்டுக்குள் நடந்துகொண்டே சத்தமாக எதையாவது படித்தாள், மாவு பாக்கெட்டின் பின்பக்கம், மின்சார வாரிய நோட்டீஸ், எதுவானாலும் சரி. மூச்சு ஒரு சீருக்கு வந்தபின் உள்ளே போனாள். அந்தப் பத்து நிமிஷம் அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

புதன்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பத்து வராது. எப்படிப் பார்த்தாலும் ஒன்பதுதான் வரும். அவளுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வரை வாயைத் திறக்காமல் இருக்கலாம். ஏதாவது அற்புதம் நடக்கலாம். பழைய கீச்சு அப்படித்தான் இருந்திருப்பாள். நாலு மணிக்கு எடிட்டரிடம் சொல்வதற்குப் பதிலாக மூன்றரைக்கே தயாரிப்பாளரைக் கூப்பிட்டாள். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினாள்.

"மேடம், வெள்ளிக்கிழமை ஒம்பது வரும். பத்தாவது சனிக்கிழமை பத்து மணிக்கு வரும். பத்து மணிக்கு மேல ஆகாது."

"பத்துன்னு சொன்னேன்."

"ஆமாங்க. தெரிஞ்சதும் சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் புரண்டு புரண்டு யோசித்தாள். வெள்ளிக்கிழமை ஒன்பதை அனுப்பினாள். சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பத்தாவதை அனுப்பினாள். பதில் இல்லை. ஞாயிறும் இல்லை. வேறு குரல்காரர் வந்துவிட்டார் என்றே முடிவு கட்டினாள். ஞாயிறு மத்தியானம் போர்வைகளைக் கழற்றிவிடலாமா என்று அலமாரியைத் திறந்து நின்றாள். அக்கா பார்த்தாள்.

"என்ன பண்ணற?"

"உன் புடவையைத் திரும்ப வைக்கலாம்னு."

"போன் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப கை வைக்காத. நாளைக்குப் பதினொண்ணாவது அத்தியாயம் இருக்குல்ல?"

இருந்தது. திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு உள்ளே போனாள். யாருக்காக வாசிக்கிறோம், இது எங்காவது வெளிவருமா என்றே தெரியாமல் பதினொன்றாம் அத்தியாயத்தை வாசித்தாள். அன்றைக்குப் போல அவள் நடுங்கியது கிடையாது. ஆனாலும் எட்டரைக்கு அது முடிந்திருந்தது. நம்பரும் தேதியும் போட்டாள். பிரதி எடுத்து அக்காவின் பையில் போட எடுத்துவைத்தாள்.

பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. "மூணும் ஆறும் மறுபடி பண்ணுங்க. மத்தது சரி. மேல போங்க." ஒரு பாராட்டு கிடையாது. அவள் அதை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவைத்தாள்.

நாவல் ஆறு வாரத்துக்குப் பதில் பத்து வாரத்தில் முடிந்தது. புத்தகம் வெளிவந்தது. கேட்டவர்களில் சிலர் குரல் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள், ஒருவர் தூக்கம் வருகிறது என்று எழுதினார். தயாரிப்பாளர் அடுத்த நாவலை வேறொருவருக்குக் கொடுத்தார். அதற்கடுத்ததையும். கீச்சு கேட்கவில்லை. கேட்கும் யோக்யதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். சில மாதம் ஒரு கடையின் அறிவிப்புகள், ஒரு மருந்து கம்பெனியின் பயிற்சிப் பாடம் என்று சின்னச் சின்ன வேலைகள். சின்னதோ பெரிதோ, ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்தாள். கேட்பார் இல்லாவிட்டாலும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நோட்டில் அன்று ஆனதை எழுதினாள். பல பக்கங்களில் 'ஒண்ணும் ஆகல' என்றுதான் இருக்கும், ஏன் என்றும் பக்கத்தில் எழுதியிருப்பாள்.

அரை வருஷம் கழித்துத் தயாரிப்பாளர் கூப்பிட்டு, குழந்தைகளுக்கான ஒரு சின்னப் புத்தகம், மொத்தம் நாற்பது நிமிஷம், நாலு நாளில் தர முடியுமா என்று கேட்டார். முதல் தடவை யோசிக்காமல் தலையாட்டியவள் இந்தத் தடவை, "புத்தகத்தைப் படிச்சிட்டு ஒரு மணி நேரத்துல சொல்றேங்க மேடம்" என்றாள். படித்துவிட்டு, ஐந்து நாள் ஆகும் என்றாள். ஐந்தாம் நாள் கொடுத்தாள்.

இப்போது ஏழு வருஷமாகிறது. இருபது புத்தகத்துக்கு மேல் வாசித்துவிட்டாள். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். அலமாரியைத் தூக்கிக்கொண்டா போவாள், அது கீச்சுவிடமே இருக்கிறது. புதுப் புத்தகத்தின் முதல் நாள் இன்றைக்கும் அவளுக்குக் கை சில்லிட்டுப் போகும், போனில் தெரியாத நம்பர் வந்தால் ஒரு கணம் மூச்சு நிற்கும். பத்து நிமிஷம் நடந்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் நிறுவனத்தில் ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் முறையாக அந்தக் கட்டடத்துக்குள் போனாள். கூட்டம் தொடங்க நேரமிருந்தது. காபி இயந்திரத்துக்கு முன்னால் நின்றவள், எந்தப் பொத்தான் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டாள். பின்னாலிருந்து ஒருவர், "நீங்களா?" என்றார்.

திரும்பினாள். குட்டையாக, மூக்குக் கண்ணாடியும் கழுத்தில் ஹெட்போனுமாக ஓர் ஆள். அவர் குரலைக் கேட்டு எடிட்டர் என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஏழு வருஷமாகப் போனில் மட்டும் கேட்ட குரல், முகத்தோடு சேரவில்லை.

"பயப்படாம பேசினா உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?" என்றார் சிரித்துக்கொண்டே. "நான் கேட்டதே இல்லையே."

"இப்பவும் பயந்துட்டுத்தான் இருக்கேங்க. உள்ள அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்காங்க."

"எனக்கும்தான்" என்றார் எடிட்டர். "கூட்டம்னாலே வயிறு கலங்குது. அதான் அரை மணி முன்னாடியே வந்து இங்க நிக்கறேன்."

இருவரும் காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்கள். இந்த வாரம் அவள் அனுப்பிய பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மூன்றாம் நிமிஷத்தில் ஏதோ கிறீச்சிடுகிறது, முக்காலியா என்று அவர் கேட்டார். முக்காலிதான், ஒரு கால் ஆடுகிறது, நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.